நீ போனால் நான் போனதாகாது

அபி,

உன் பெட்டியின் எடையைப் பார்த்துவிட்டு அப்பா ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார், நீ திரும்ப உள்ளே வைத்தாய், அவர் மறுபடி எடுத்தார். அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது நான் அடுப்படியில் நின்று, உனக்குச் சொல்ல வேண்டியதை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேரில் சொல்ல எனக்கு வராது. உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் என்னைப் பற்றி நீ எல்லோரும் படிக்கும்படி ஒரு கட்டுரை எழுதினாய். நிறையப் பேர் படித்தார்கள். கல்லூரியில் எனக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் வந்து, “மகள் நல்லா எழுதியிருக்காங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் என் பதிலையும் எல்லோரும் படிக்கும் இடத்திலேயே எழுதுகிறேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீ போன வாரம் முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாய். தலைவலியா, பிரஷர் பார்த்தாயா என்றெல்லாம் கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. இணையத்தை யார் கவனிப்பது என்று பேசும் கூட்டத்துக்கு ஜெனீவாவுக்கு நீ போகிறாய், நான் போகவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டில் பொறாமை என்ற சொல்லை யாரும் தனக்கென்று எடுத்துக்கொண்டதில்லை. நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, கண்ணில் படும் வேறு யாருக்காவதுதான் அதைக் கொடுப்போம். பெற்ற மகள்மேல் வருவது என்றால் சொல்லவே கூடாது. சொல்லாமல் வைத்திருந்து பார்த்தேன். சாம்பாரில் உப்புக் கூடியது, உன்னிடம் பேச்சுக் குறைந்தது. அதைவிடச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கூட்டங்களை உனக்குக் காட்டியதே நான். புதுக்கோட்டையில் கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் ஓர் இணைய முகவரி ஒருவருக்குத்தான் இருக்க முடியும், ஒரே முகவரி இரண்டு பேருக்குப் போய்விட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்று சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “அப்ப அத யாரு மேம் பாத்துக்கிறா? அமெரிக்காவா?” என்று கேட்டாள். எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். இணையப் பெயர்களைக் கவனிக்க ஓர் அமைப்பு, முகவரி எண்களைப் பிரித்துக் கொடுக்கச் சில அமைப்புகள், விதிமுறைகளை எழுதப் பொறியாளர் குழுக்கள், இவற்றோடு யாருக்கும் கட்டளையிடாமல் பேசுவதற்கென்றே ஆண்டுக்கொரு முறை கூடும் பெரிய கூட்டம். அரசாங்கங்கள், நிறுவனங்கள், பொறியாளர்கள், பல்கலைக்கழகத்துக்காரர்கள், சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்கள் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி, முழுச் சாவி யார் கைக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு, பலதரப்பு ஏற்பாடு என்று அதற்குப் பெயர். ‘எல்லோரும்’ என்ற சொல்லைப் பார்த்தால் அதில் யார் இல்லை என்று தேடுவது என் வழக்கம். ஆனால் கூட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், வரிசையில் பெயர் கொடுத்தால் பேசலாம் என்றும் போட்டிருந்தது. பொய்யா என்று பார்க்கத்தான் முதலில் பெயர் கொடுத்தேன். என் பெயரைக் கடித்துக் குதறித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிட்டார்கள். கல்லூரியில் இத்தனை வருடம் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறேன். துறைக் கூட்டத்தில் என்னை யாரும் பேசச் சொன்னதில்லை. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் பேசி முடிக்கும்போது டீ வந்துவிடும்.

உன் கட்டுரையில் மல்லிகாக்கா வரவில்லை, ‘கிராமத்துப் பெண்கள்’ என்று ஒரு கூட்டம் வருகிறது. படிக்கிறவர்களுக்காக நான் சொல்லிவிடுகிறேன். அரிமளத்தில் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் செக்கு வைத்துக் கடலை எண்ணெயும் எள்ளுருண்டையும் விற்கிற மகளிர் குழுவுக்குத் தலைவி அவர். கடைக்கு இணையதளம் வேண்டும் என்று என்னிடம் வந்தபோது முகவரியும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்றார். “போர்டுல தமிழ், பில்லுல தமிழ். போன்ல மட்டும் நாங்க இங்கிலீசுக்காரவுங்களா?” முழுக்கத் தமிழிலேயே முகவரி வாங்க முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வாங்கிக் கொடுத்தேன். தட்டினால் திறந்தது. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில போன்களில் நீல நிறமே வரவில்லை, தொட்டால் எங்கும் போகாமல் வெறும் எழுத்தாகக் கிடந்தது. தமிழில் மின்னஞ்சலும் வைத்துக் கொடுத்திருந்தேன். மொத்தமாக எண்ணெய் வாங்கும் ஒரு கம்பெனியின் தளத்தில் பதிவு செய்யப் போனால், ‘சரியான முகவரியை உள்ளிடவும்’ என்று சிவப்பில் வந்தது. மல்லிகாக்கா போனைத் தூக்கிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார்.

“சரியான அட்ரஸத்தானே போட்டேன்? எது சரின்னு சொல்ல இவன் யாரு? இந்த இன்டர்நெட்டுக்கு ஆபீசு எங்கிட்டு இருக்கு டீச்சர்? திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல குடுக்குற மாதிரி ஒரு மனுவக் குடுத்துட்டு வந்துருவோம்.”

“ஆபீசு இல்லக்கா.”

“ஆபீசு இல்லாமயா மாசாமாசம் ரீசார்ஜுக்கு இம்புட்டு வாங்குறான்?”

“அது கம்பெனிக்காரன் வாங்குறது. இது வேற. எல்லாருமாக் கூடிப் பேசி முடிவு பண்றது.”

“எல்லாருமானா, நாமளும் போவோம்” என்றார். அவ்வளவு சுலபமாக. எனக்கு அந்தச் சுலபத்தின்மேலும் கொஞ்சம் பொறாமைதான்.

கல்லூரிக் கணினி ஆய்வகத்தை ஒரு விடுமுறை நாள் மதியம் கேட்டு வாங்கினேன். மல்லிகாக்காவும் குழுவில் நான்கைந்து பேரும் பஸ் ஏறி வந்தார்கள். நீ சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். எனக்குத் துணை என்று சொல்லி வந்து, பின்வரிசையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரையில் பொறியாளர்களின் கூட்டம். எல்லா மொழி எழுத்திலும் உள்ள முகவரிகளை ஏற்கிறதா என்று சோதிப்பதை ஒரு வழிகாட்டுக் குறிப்பில் சேர்க்கலாமா என்பது பேச்சு. அந்தக் கூட்டத்தில் கை தூக்கி எண்ணுவதில்லை. எண்ணினால் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறவன் ஜெயித்துவிடுவான் என்பதால், சம்மதம் என்றால் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒலி எழுப்பச் சொல்வார்கள். அறையின் சத்தத்தை வைத்துத் தலைவர் மதிப்பிடுவார். மைக்கைத் திறந்துவிட்டு, இதைத்தான் நான் மல்லிகாக்காவிடம் தமிழில் சொன்னேன்.

“மொனங்கணுமா? என்னத்துக்கு, வயித்து வலியா?”

“சம்மதம்னா சத்தம் குடுக்கணும்க்கா. அதான் இவுங்க வழக்கம்.”

“நல்ல காரியத்துக்குச் சம்மதஞ் சொல்றதுக்கு மொனங்குவாகளாக்கும்? ஏ, போடுங்கடி!”

நான் கையை நீட்டுவதற்குள் எல்லோருமாகக் குலவை போட்டுவிட்டார்கள். ஆய்வகமே அதிர்ந்தது. திரையில் ஒரு பெண் காதுக் கருவியைப் பிடுங்கி எறிந்தாள். யாரோ தண்ணீரைக் கொட்டிக்கொண்டார்கள். வழுக்கைத் தலைத் தலைவர் மட்டும் பதறாமல், இணைய வழியில் வந்திருப்பவர்களிடம் பலத்த ஆதரவு இருப்பதாகக் குறித்துக்கொள்கிறேன் என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் நீ போனிலிருந்து தலையைத் தூக்கினாய்.

நீ எழுதியது அதுவரைக்கும்தான். அதற்குப் பின் நடந்ததையும் நீ பார்த்தாய். பேச்சாளர் வரிசையில் என் பெயர் வந்தது, ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு பருவம் முழுக்க மாணவிகளை வைத்துக்கொண்டு பழைய போன், புதுப் போன், வங்கிப் படிவம், பஸ் டிக்கெட் தளம் என்று ஒவ்வொன்றாகத் தமிழ் முகவரியைப் போட்டுப் பார்த்திருந்தேன். எங்கே உடைகிறது, எதனால் உடைகிறது, திருத்த யாருக்கு எவ்வளவு வேலை ஆகும் என்று பிரித்து வைத்திருந்தேன். பாதியில் ஒலி விட்டுவிட்டுப் போனது. மணி அடித்தார்கள். நன்றி சொன்னார்கள். பின்னால் வந்த கூட்டக் குறிப்பில், இந்தியாவிலிருந்து ஒருவர் சில ஏற்புச் சிக்கல்களைத் தெரிவித்தார் என்று ஒரே ஒரு வரி இருந்தது. உன் கட்டுரையில் அந்த ஒரு வரிகூட இல்லை. ‘தமிழ்நாட்டின் ஒரு சின்னக் கிராமத்தில் ஆசிரியையாக இருக்கும் என் அம்மா’ என்று தொடங்குகிறாய். அம்மா பெண்களைக் கூட்டி வருகிறாள், அவர்கள் குலவை போடுகிறார்கள், உலகம் கேட்கிறது, முற்றும். அரிமளம் பேரூராட்சி என்பதையாவது சொல்லியிருக்கலாம். திருச்சியில் தங்கிப் படித்து வாங்கிய எம்.எஸ்சி.யைச் சொல்லியிருக்கலாம். அழகான கட்டுரை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவ்வளவு அழகாக என்னால் எழுத முடியாது. அதுவும் சேர்ந்துதான் உறுத்துகிறது.

ஜெனீவாக் கூட்டத்துக்குப் முதல்முறை நேரில் வருகிறவர்களைச் செலவு கொடுத்து அழைக்கிறார்கள், விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பை நான்தான் உனக்கு அனுப்பினேன், நினைவிருக்கிறதா? “நீ போடும்மா, ஒனக்குத்தான் இது. நானும் சும்மா போட்டு வைக்கிறேன்” என்றாய். நான் பல நாள் உட்கார்ந்து, இந்தப் பலதரப்பு ஏற்பாட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். நீ குலவையை எழுதி அனுப்பினாய். எனக்கு, இம்முறை இயலவில்லை, தொடர்ந்து பங்கேற்கவும் என்று வந்தது. அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டாய். “அம்மா, கெடச்சிருச்சும்மா!” நான், “நல்லது. சாப்புட்டியா?” என்றேன். உன் குரல் உடனே இறங்கியது. “ஒனக்கு வரலையாம்மா? நான் வேணாம்னு எழுதிரவா?” அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நீ விட்டுக்கொடுத்தால் அந்த இடம் எனக்கு வரப்போவதில்லை, முகம் தெரியாத இன்னொருவருக்குப் போகும். அது உனக்கும் தெரியும். நான் ‘வேண்டாம், நீ போ’ என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் உனக்கு மனசு லேசாகும். சொன்னேன்.

அப்பா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு லட்டு வாங்கி வந்தார். உரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், பாதிப் பேருக்கு ஜெனீவா எங்கே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் ஒரு மாதிரியா இருக்க? ரெண்டு பேரும் போட்டீங்க, ஒருத்தருக்கு வந்துருச்சு. அவ போனா நீ போன மாதிரிதானே?” என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நம் பக்கத்தில் எல்லா அம்மாக்களுக்கும் எல்லோரும் சொல்கிற ஆறுதல் அது. மகன் படித்தால் நீ படித்த மாதிரி, மகள் விமானம் ஏறினால் நீ ஏறிய மாதிரி. நான் லட்டைத் தின்றுகொண்டே யோசித்தேன். நீ போனால் நீ போன மாதிரி. நான் போன மாதிரி எப்படி ஆகும்? எனக்கு அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று ஆசையிருந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. ஓட்டல் மாடியிலிருந்து ஜெனீவா ஏரியைப் பார்க்க இல்லை. கூட்டத்தில் இடைவேளை விட்டதும் என் திரையில் ஒரு நீலப் படம் வரும், ‘சிறிது நேரத்தில் தொடரும்’ என்று. பாதி முடிவுகள் அந்த நேரத்தில்தான் காபி மேசைப் பக்கம் நடக்கின்றன. திரும்பி வந்து உட்காரும்போதே முன்பு எதிர்த்தவர் ஒத்துப்போவார், ஏன் என்று எனக்கு விளங்காது. எத்தனையோ மதியம் அந்த நீலப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அதற்கு அந்தப் பக்கம் நிற்கப் போகிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே பேசப்போகும் உரையை வாசித்துக் காட்டினாய். ஹாலில் அப்பாவும் மல்லிகாக்காவும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியதை அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாய். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏத்தா, நான் எங்கிட்டு வாரேன் இதுல?” என்றார்.

“ஆரம்பத்துலேயே வந்துட்டீங்க பெரியம்மா. ‘கிராமத்துப் பெண்கள்’னு சொன்னேன்ல.”

“பேரு?”

“மொத்தமே மூணு நிமிசந்தான் பெரியம்மா.”

“மல்லிகான்னு சொல்ல மூணு நிமிசமா ஆகும்? அம்மான்னு மட்டும் நாலு எடத்துல சொன்ன!”

அப்பா சிரித்தார், நீயும் சிரித்தாய், சேர்த்துவிடுகிறேன் என்றாய். மல்லிகாக்கா சிரிக்கவில்லை. “டீச்சர், போன தடவ பேசுறப்ப நீங்களும் எங்க பேரச் சொல்லாம ‘இவுங்க’ன்னுதான் எங்களச் சொன்னீங்க. இந்தத் தடவ எனக்குன்னு தனியா ஒரு நம்பர் போட்டு வைங்க. நானே பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். தமிழுக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் கிடையாது, சில பெரிய மொழிகளுக்குத்தான் என்றேன். “நீங்க எதுக்கு இருக்கீங்க?” என்றார். அவர் போன பிறகு நீ மெதுவாக என் பக்கம் வந்தாய். “அம்மா, நீ டெஸ்ட் பண்ணுனதெல்லாம் எனக்கு மெயில் பண்ணும்மா. நான் ஸ்பீச்ல சேத்துக்கிறேன். நீ பேசுன மாதிரியே இருக்கும்.” பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு நீ நான்கைந்து முறை நினைவூட்டினாய், விமான நிலையம் போகிற காரில்கூட.

அனுப்பப் போவதில்லை அபி. அந்த வேலை என்னுடையது, அதை நான் பேசுவேன். உன் கூட்டத்துக்கு இணைய வழியில் பேச வரிசையில் பெயர் கொடுத்துவிட்டேன். மல்லிகாக்கா பெயரையும் தனியாகக் கொடுத்திருக்கிறேன், அவர் தமிழில் பேசுவார், நான் மொழிபெயர்ப்பேன். அது அவருடைய நேரம், அதில் என் கருத்து ஒரு சொல்கூட வராது. ஒலி விட்டுப்போகாமல் இருக்க இந்த முறை கல்லூரியை நம்பாமல் வேறு இணைப்பும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

உன் உரையில் எனக்குச் சம்மதமில்லாத இடம் ஒன்று உண்டு. இந்தப் பலதரப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்கு என் அம்மாவே சாட்சி என்று முடிக்கிறாய். நான் சாட்சி இல்லை. அவர்கள் கேட்டார்கள், அது உண்மை. உலகத்தில் வேறு எந்த மேசையிலும் என்னைக் கேட்டதில்லை, அதுவும் உண்மை. ஆனால் மல்லிகாக்காவின் முகவரி சில போன்களில் இன்னும் நீலமாகவில்லை. பெயர்களைக் கவனிக்கிறவர்களைக் கேட்டால், நாங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம், ஏற்பது செயலிக்காரர்கள் பாடு என்கிறார்கள். செயலிக்காரர்கள், இதைக் கேட்டு வாடிக்கையாளர் வரவில்லை என்கிறார்கள். பொறியாளர்கள், விதி எப்போதோ எழுதியாகிவிட்டது என்கிறார்கள். அரசாங்கம், சுற்றறிக்கை அனுப்பிவிட்டோம் என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோர் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற வேலையை யாரைப் பிடித்துக் கேட்பது? அதற்காக எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துவிடலாம் என்கிறவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்களை நான் இன்னும் குறைவாக நம்புகிறேன். ஒரு கையில் இருந்தால் அந்த ஒரு கை நினைத்தபோது இணையத்தையே அணைத்துவிடும். நான் கேட்கப்போவது சின்ன விஷயம். மைக்கில் ஒருவர் சொன்ன குறைக்கு, அடுத்த கூட்டத்தில் அதே மைக்கில் யாராவது எழுந்து, செய்தோம் அல்லது செய்யவில்லை, இதுதான் காரணம் என்று சொல்ல வேண்டும். கேட்பதோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. இதை உன் உரையில் சேர்க்க வேண்டாம். உனக்கு இது சரியென்று பட்டால் அப்புறம் சொல்லிக்கொள்.

அங்கே பேசப் போகிறவளுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தவை கொஞ்சம்தான். பெயர், ஊர், விஷயம், இந்த வரிசையில் பேசு. பேசத் தந்ததற்கு நன்றி சொல்லி முதல் அரை நிமிடத்தைத் தின்றுவிடாதே. மணி அடித்தால் சிரிக்காதே, வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்து. இளம் பெண், வளரும் நாட்டிலிருந்து வருகிறவள் என்று உன்னைப் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் கூட்ட அறிக்கையின் அடுத்த வரைவு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே போய் உட்கார். காபி மேசைப் பக்கம் யார் யாரோடு நின்றார்கள் என்று பார்த்து வந்து எனக்குச் சொல். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். இன்னொன்று. உன்மேல் பொறாமைப்படுகிற ஒருத்தி வீட்டிலேயே இருப்பதை நினைத்து வருத்தப்படாதே. உன் உரையை அப்பா கேட்டுவிட்டுக் கைதட்டினார். வரி வரியாகப் படித்தது நான்தான்.

உன் முறை முன்னால் வருகிறது, என் முறை பின்னால். எழுதி வைத்திருப்பதில் ‘என் அம்மா’ என்று வரும் இடங்களை எடுத்துவிடு. பதிலுக்கு என்ன வைப்பது என்று தெரியாவிட்டால் நீ என்ன நினைக்கிறாய் என்று வை. நான் பேசும்போது நீ என் மகள் என்று சொல்ல மாட்டேன். என் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் பேசியவர் சொன்ன முடிவை நான் ஏற்கவில்லை என்றுதான் தொடங்கப் போகிறேன். திரையில் என் முகத்தைப் பார்த்ததும் கையாட்டாதே. எழுந்து போய் மறுபடி வரிசையில் நின்று, எனக்குப் பதில் சொல்.